இறையாண்மை இல்லா நாட்டின் தூதர்: வி. எஸ். சீனிவாச சாஸ்திரி

அயலுறவுக் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை இந்தியாவுக்கு இல்லாத காலத்தில், அந்நாட்டின் பெயரால் உலக அவைகளில் பேசியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி (1869–1946). அத்தகைய தூதர் ஒருவர் எதைப் பெறக்கூடும், எதைப் பெறவியலாது என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகிறது.

எளிய புரோகிதக் குடும்பத்தில் பிறந்த சாஸ்திரி, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்று, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக உயர்ந்தார். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் இணைந்தார். 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். 1919இல் ரௌலட் மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் வன்மையாக எதிர்த்தார். ஆயினும் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காது மிதவாதியாகவே நின்றார்.

1921இல் இலண்டன் பேரரசு மாநாட்டில், குடியேற்ற நாடுகளில் வாழும் இந்தியருக்குச் சமவுரிமை கோரினார். அதனை ஆதரித்த தீர்மானம் நிறைவேறியது. தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. தொடர்ந்து அமெரிக்காவின் வாஷிங்டனில் நிகழ்ந்த படைக்குறைப்பு மாநாட்டில் பங்கேற்று, 1922 பிப்ரவரியில் கடற்படை உடன்படிக்கையில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்டார். அவரை அனுப்பியதோ இந்திய மக்களல்லர், பிரித்தானிய அரசு. இம்முரணே அவர்மீது எழுந்த விமர்சனங்களுக்கு அடிப்படையாயிற்று.

கேப்டவுன் உடன்படிக்கைக்குப்பின், 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பொறுப்பேற்றார். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பலர் வாழ்ந்த நேட்டாலில், கல்வியை முன்னிறுத்தினார். டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரி அம்முயற்சியின் பயன். நிறவேற்றுமைச் சட்டங்களை அகற்றும் ஆற்றல் அப்பதவிக்கு இல்லை. கல்விக்கூடம் ஒன்றை நிறுவுவிக்கும் வலிமை அவரது சொல்லுக்கு இருந்தது.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1940இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொற்குழுவுக்குத் தலைமையேற்றார். அக்குழு வடசொற்களுக்கு இடமளித்ததைத் தமிழறிஞர் எதிர்த்தனர். பின்னர் தமிழறிஞர்களும் குழுவில் சேர்க்கப்பட்டனர். அயல்நாட்டில் தமிழ் உழைப்பாளரின் வழியினருக்காகப் பேசியவர், தாயகத்தில் தமிழ்ச்சொல்லின் உரிமை பற்றிய வழக்கில் எதிர்நிலையில் வைத்து எண்ணப்பட்டார்.

1946 ஏப்ரலில் சாஸ்திரி மறைந்தார். அடுத்த ஆண்டு நாடு விடுதலையடைந்து, தன் தூதர்களைத் தானே அனுப்பும் உரிமை பெற்றது. அவரைப் பேரரசின் கருவியாக மட்டும் காண்பதோ, குறைகளற்ற தேசத்தொண்டராகப் போற்றுவதோ வரலாற்றுக்கு முழுமை தராது. இலண்டன் தீர்மானம், டர்பன் கல்லூரி, கலைச்சொற்குழு ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து மதிப்பிடுவதே பொருத்தமாகும்.