தப்பான விடையை அச்சில் ஏற்றியவர்

லேப்பில் ரீடிங் எடுக்கும்போது ஒழுங்காக வரும் எண்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் திடீரென்று எகிறும். நாம என்ன செய்வோம்? ரப்பரால் அழித்துவிட்டு, பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதிவிடுவோம். நானும் செய்திருக்கிறேன், மறைப்பானேன்! அப்படி அழிக்காத ஒருவரின் கதை இது.

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் 1881-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். ஏழு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. கேம்பிரிட்ஜில் படித்து, 1913-ல் வானிலைத் துறையில் சேர்ந்தார். நாளைய வானிலையை ஊகித்துச் சொல்லாமல், கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று நம்பினார்.

குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர், ஆகவே துப்பாக்கி தூக்க மாட்டார். ஆனாலும் 1916-ல் வேலையை விட்டுவிட்டு, பிரான்ஸ் போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போனார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் குளிரில் வைக்கோல் மேல் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கைக்கணக்கு. 1910 மே 20 காலை 7 மணிக்கு ஐரோப்பாவில் எடுத்த அளவுகளை வைத்து, மியூனிக் அருகே ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று பார்த்தார். ஆறு மணி நேர வானிலைக்கு ஆறு வாரக் கணக்கு! 1917-ல் சண்டை நடுவே கையெழுத்துப் பிரதியே தொலைந்து, பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது.

விடை என்ன தெரியுமா? அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று வந்தது. அன்றைக்கு அங்கே அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை.

மனுஷன் அதை மறைக்கவில்லை. 1922-ல் வெளியிட்ட புத்தகத்தில் அட்டவணை அட்டவணையாக அப்படியே அச்சிட்டார். முதலில் கொடுத்த காற்று அளவுகளில்தான் கோளாறு என்று சந்தேகத்தையும் எழுதி வைத்தார்.

சந்தேகம் சரிதான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தண்ணீர் தளும்பும். தளும்பி எழும் ஒரு நொடியில் அதன் வேகத்தை அளந்து, ஆறு மணி நேரத்தால் பெருக்கினால் தண்ணீர் வானத்துக்கே போய்விடும் அல்லவா? இயற்கையில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமநிலையில் இருக்கும். அளவுகளிலிருந்த சின்னப் பிழைகள் அந்தச் சமநிலையைக் குலைத்து, கணக்கில் பொய்த் தளும்பலை உண்டாக்கிவிட்டன.

வெகுகாலம் கழித்து, அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லிஞ்ச் அதே தொடக்க அளவுகளை எடுத்து, தளும்பலை மட்டும் வடிகட்டிவிட்டு, ரிச்சர்ட்சன் முறையிலேயே கணக்கை ஓட்டினார். 145 போய், மாற்றம் சுமார் 1 மில்லிபார்தான் வந்தது! எண்கள் எல்லாம் அச்சில் இருந்ததால் முடிந்தது. இன்றைக்கும் வானிலை, காலநிலை கணிப்பு புரோகிராம்களில் விடை திடுமென்று எகிறினால், உள்ளே கொடுத்த டேட்டாவையும் சேர்த்துத்தான் சோதிக்கிறார்கள்.

1920-ல் வானிலைத் துறை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போனதும் ரிச்சர்ட்சன் மறுபடி வேலையை விட்டார். 1929 முதல் 1940 வரை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில், நம்முடையது மாதிரியே ஒரு டெக்னிகல் காலேஜுக்குப் பிரின்சிபால். 1950-ல் அமெரிக்காவில் எனியாக் கம்ப்யூட்டர் வானிலைக் கணக்கைப் போட்டு முடித்த செய்தி அவருக்கு எட்டியது. 1953 செப்டம்பர் 30-ல் காலமானார்.