அணுவின் அடுக்கு கண்ட நீல்ஸ் போர்

அறிவுடையார் பலர், தம் அறிவைச் சோதனைக்கு ஒப்படைக்கத் துணிந்தார் சிலர். அச்சிலருள் ஒருவரான நீல்ஸ் போர் பெருமகனாரின் வரலாற்றை அன்பர்கட்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் 1885ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் உடலியற் பேராசிரியர். 1911இல் டாக்டர் பட்டம் பெற்ற போர், இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் ரதர்போர்டு அவர்களிடம் ஆராய்ச்சி பயின்றார். அணுவின் நடுவே கரு உண்டென ரதர்போர்டு கண்டிருந்தார். ஆயின் அதனைச் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஆற்றல் இழந்து கருவில் வீழாதிருப்பது எங்ஙனம்? அவற்றிற்குக் குறித்த பாதைகளே உண்டு. ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தாவும்போதே ஒளியை உமிழும் அல்லது ஏற்கும் என 1913இல் போர் விடை பகர்ந்தார்.

பின்னர் எலெக்ட்ரான்களை அடுக்கடுக்காக வகுத்தார். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தரான நமக்கும் இது விளங்குகிறது. பெட்டிதோறும் இருக்கைகள் இத்துணை என்று வரையறை உண்டன்றோ? அவ்வாறே அணுவின் முதல் அடுக்கில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18, நான்காவதில் 32 இடங்கள். 11 எலெக்ட்ரான்களுடைய சோடியத்தை 2, 8, 1 என எழுதுவர். இறுதியில் தனித்து நிற்கும் அவ்வொன்றே சோடியத்தின் வேதிக்குணத்திற்குக் காரணம். பிற்காலத்தார் அடுக்கையும் உட்பிரித்து, 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ என்று குறிக்கலாயினர்.

இம்முறைக்கு ஒரு சோதனை நேர்ந்தது. 72ஆம் தனிமத்தை அருமண் இனத்தில் கண்டுவிட்டதாகப் பாரிஸ் அறிஞர் உரைத்தனர். போரின் கணக்கோ, 71ஆம் தனிமத்தோடு நான்காம் அடுக்கு நிரம்பிவிடுவதால், 72 சிர்கோனியத்தின் இனமே என்றது. பாரிஸார் கூற்று மெய்யாயின் அடுக்குமுறையே ஆட்டங்கண்டுவிடும்! போர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் காஸ்டர், ஹெவெசி என்னும் இருவர் சிர்கோனியத் தாதுவை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். 1922 டிசம்பரில் நோபல் பரிசு பெறப் போர் ஸ்டாக்ஹோம் சென்றிருந்த வேளையில், 72 கிட்டிற்று என்னும் நற்செய்தி எட்டியது. தம் பரிசுரையிலேயே அதனை உலகறியச் செய்தார். கோபன்ஹேகனின் இலத்தீன் பெயரையொட்டி அத்தனிமம் ஹாப்னியம் எனப்பட்டது.

தாயார் யூத குலத்தவராதலின், 1943இல் நாஜிகளுக்குத் தப்பிப் படகேறிச் சுவீடன் சேர்ந்தார். யுத்தம் முடிந்ததும் 1945இல் தாயகம் திரும்பினார். அணு அறிவை நாடுகள் ஒன்றுக்கொன்று மறைத்தல் கேடென்று 1950இல் ஐக்கிய நாடுகள் சபைக்குத் திறந்த மடல் விடுத்தார். பெயரோ போர், நாடியதோ அமைதி! 1962 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

பிழையெனில் உலகு அறியட்டும் என்று தம் கணக்கை முன்வைத்த அவ்வாண்மையை நம் சங்கத்து இளைஞரும் பெறுவாராக!