சொல்லுக்கு விலாசம் எழுதியவர்

கம்ப்யூட்டரில் ஒரு சொற்றொடரைத் தேடும்போதெல்லாம் எனக்கு அலெக்சாண்டர் குரூடன் ஞாபகம்தான் வரும்.

1699-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தவர். லண்டனில் புத்தகக்கடை நடத்திக்கொண்டே, பைபிளின் சொற்களுக்குத் தனியாளாக அகரவரிசை அட்டவணை தொகுத்தார். அதிகாரம், வசனம் மட்டுமா? பக்கத்துச் சொற்களையும் சேர்த்தே எழுதினார். சூட்சுமமே அங்கதான் இருக்கு! இரு சொற்கள் ஒரே வசனத்தில் இருந்தால் போதாது. அடுத்தடுத்து நிற்கின்றனவா என்று தெரியவேண்டும். இன்றைய இண்டெக்ஸ் அதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசை எண் வைக்கிறது. 7, 8 என்றால் சொற்றொடர். 7, 10 என்றால் கிட்டத்தில் இருக்குன்னு அர்த்தம்.

1737-ல் நூலை ராணி கரோலினிடம் கொடுத்தார். சில நாளில் ராணி காலமானார். கடையையும் மூடவேண்டியதாயிற்று. 1738-ல் பைத்தியம் என்று அடைத்துச் சங்கிலியால் கட்டினார்கள். தப்பி வந்தார். 1761-ல் இரண்டாம் பதிப்பையும் கொண்டுவந்தார்! 1770-ல் மறைந்தார்.

அவர் அட்டவணை இன்றும் அச்சாகிறது.