ஹிட்லருக்கு பணம் புரட்டியவர், பிறகு வங்கி முதலாளி... யார் இந்த ஷாக்ட்?

1923 நவம்பர். ஜெர்மனியில் ரொட்டி வாங்கவே கட்டுக்கட்டாக நோட்டு வேணும். அப்போது நாணய ஆணையராக வந்தவர்தான் வங்கியாளர் ஹியால்மர் ஷாக்ட். 1 லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒரே ஒரு ரென்டன்மார்க் என்று புதுப் பணத்தை நிலைநிறுத்தினார். அடுத்த மாதமே மத்திய வங்கியான ரைக்ஸ்பேங்கின் தலைவரானார்.

சரி, இவருக்கும் ஹிட்லருக்கும் என்ன சம்பந்தம்? இங்கதான் விஷயமே இருக்கு. 1934-ல் ஹிட்லரின் பொருளாதார அமைச்சரானார் ஷாக்ட். ஆயுதச் செலவு வெளியே தெரியக்கூடாது. அதுக்காக வெறும் 10 லட்சம் மார்க் முதலீட்டில் 'மெஃபோ' என்ற பெயரளவு கம்பெனி. ஆயுத ஆலைகளுக்கு காசுக்குப் பதில் மெஃபோ பெயரில் கடன் சீட்டு. அதைக் கொடுத்தால் ரைக்ஸ்பேங்க் பணம் தரும். பட்ஜெட்டில் எதுவுமே வராது! இப்படிப் புழங்கியது சுமார் 1,200 கோடி மார்க்.

செலவைக் குறைக்கச் சொன்னதும், 1939 ஜனவரியில் ரைக்ஸ்பேங்க் பதவி போச்சு. 1944-ல் ஹிட்லர் மீதான கொலை முயற்சிக்குப் பின் கைதாகி, வதை முகாம்களில் அடைக்கப்பட்டார்.

போர் முடிந்ததும் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் நாஜி தலைவர்களோடு இவரும் குற்றவாளிக் கூண்டில். நாட்டுக்கு ஆயுதம் சேர்த்தது மட்டுமே குற்றமாகாது என்று சொல்லி, 1946-ல் விடுவித்தார்கள். சோவியத் நீதிபதி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

1953-ல், 76 வயதில், டுசல்டார்ஃப் நகரில் சொந்தமாக வங்கி தொடங்கினார். 1970-ல் மியூனிக்கில் இறந்தார்.