சன்னது போனது, பெயர் போகவில்லை

வேலப்பன்சாவடியில் பட்டறை வேலை பார்க்கும் தோழனுக்குச் சொத்து எது? கைத்தொழில். அதனினும் பெரிய சொத்து, அந்தக் கையை நம்பலாம் என்று ஊர் சொல்லும் சொல். அச்சொல்லின் மதிப்பை வ.உ.சி.யின் வாழ்விலே காணலாம்.

1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். 1895 முதல் வக்கீல். ஏழைகளின் வழக்குகளைக் காசு வாங்காமல் நடத்தினார், பெயர் வளர்ந்தது. அந்தப் பெயரை நம்பி, 1906-ல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு, பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று மக்கள் பணம் தந்தனர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் அவரை நம்பி வேலைநிறுத்தம் செய்தனர்; கூலி உயர்வும் பெற்றனர்.

ஆட்சி பொறுக்குமா? அதே ஆண்டில் 40 ஆண்டுத் தண்டனை! மேல்முறையீட்டில் குறைந்தது. ஆயினும் சிறையில் செக்கிழுத்தார். 1912 இறுதியில் வெளியே வந்தார். கப்பல் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையிலே வறுமை வாட்டியது.

சன்னதைப் பறிக்க ஆட்சியால் முடிந்தது. பெயரைப் பறிக்க முடியவில்லை. ஆங்கிலேயர் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவருக்குச் சன்னதை மீட்டுத் தந்தவர் ஓர் ஆங்கிலேய நீதிபதி, வாலஸ்! நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். 1936-ல் மறைந்தார்.

தோழர்களே! நற்பெயர் தானாகச் சோறு போடாது. அறிந்தவர் வாய் திறந்து சொல்லவேண்டும். சங்கத்தில் சேர்ந்ததால் வேலையிழந்து நிற்பவன் நல்ல தொழிலாளி என்று சொல்லவேண்டியவர் யார்? அவனோடு ஒரே பட்டறையில் உழைத்த நாமன்றோ!