லாம்டன் அமைத்த முக்கோணங்கள்

நாஞ்சில் நாட்டின் தென்கோடியாகிய குமரிமுனையில் நின்று கடலை நோக்குவோர், தொலைவில் வரும் கப்பலின் உச்சியே முதலில் தோன்றக் காண்பர். உலகம் உருண்டை என்பதற்கு அதுவே சான்று. ஆயின், அவ்வுருண்டை எவ்விடத்தில் எவ்வளவு வளைந்தது என்பதைக் கண் காட்டாது. அதனை எண்ணால் காட்டப் புகுந்தவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய குடியிற் பிறந்த இவர், போர்வீரராய் வட அமெரிக்கா சென்றார். அங்கே கதிரவன் மறைப்பை உற்று நோக்கியதால் இவரது ஒரு கண் பழுதுற்றது. 1799இல் சீரங்கப்பட்டணப் போரில் பங்குகொண்டபின், தென்னாட்டை அளக்கும் திட்டமொன்றைக் கும்பினியாரிடம் அளித்தார்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையருகே பணி தொடங்கிற்று. ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடொன்றை எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள் ஆயின. வெயிலில் சங்கிலி நீளுமன்றோ? அதற்கும் வெப்பமானி கொண்டு கணக்கிட்டனர். அக்கோட்டின் இருமுனையினின்றும் தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால், மற்றை இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அவை அடுத்த முக்கோணங்களுக்கு அடியாகும். இவ்வாறு பெற்ற தொலைவை, விண்மீன்களை நோக்கி அறிந்த அகலாங்குகளோடு ஒப்பிட, நிலத்தின் வளைவு புலனாகும்.

கோணம் அளக்கும் தியோடலைட்டுக் கருவியோ அரை டன் எடையுடையது. காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னைகள் பார்வையை மறைத்தன. ஆதலின் கோயிற் கோபுரங்களின்மேல் அதனை ஏற்றினர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றுங்கால் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோத, அதன் பாகைவட்டம் நெளிந்துபோயிற்று. அத்துணை நுண்ணிய வேறொரு கருவியை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதாயின் பணி நெடுங்காலம் நின்றுவிடும். லாம்டன் கூடாரத்துட் புகுந்தார். ஆறு வாரம் உழைத்து, நெளிந்த வட்டத்தை இம்மி இம்மியாக இழுத்துப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார்! மறு ஆண்டில் முக்கோணத் தொடர் குமரிமுனையை எட்டிற்று. அவர் அளந்த பெருவில்லின் தென்முனை, குமரிக்கு அண்மையிலுள்ள புன்னை என்னும் நிலையமாகும்.

அளவைத் துறையில் கணக்கிடும் பணியாளரை அந்நாளில் கம்ப்யூட்டர் என்றே வழங்கினர். இன்று அப்பெயர் பொறிக்கு உரியதாயிற்று. அப்பொறியும் திண்பொருளின் புறவடிவைப் பெரும்பாலும் சிறுசிறு முக்கோணங்களாகவே பகுத்து வைக்கின்றது. நாம் திரையை விரலால் தடவியதும், அதிலுள்ள மலையோ சிற்பமோ திரும்பி மறுபுறத்தைக் காட்டுவது அம்முக்கோணங்களின் மூலைகளை நொடியில் கணக்கிட்டேயாம்.

லாம்டன் வடக்கு நோக்கி அளந்து செல்கையிலேயே, 1823 சனவரியில், இன்றைய மகாராட்டிரத்து ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஜார்ஜ் எவரெஸ்டு அத்தொடரை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சென்றார்.