குசினியில் கடவுளோடு வாழ்ந்த சகோதரர் லோறன்ஸ்

பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் 4ஆம் இலக்க மெத்ரோவில் ஏறி, சென் பிளாசிட்டில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் வோஜிரார் வீதியில் ஒரு பழைய தேவாலயம் வரும். கார்மேல் சபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித சூசையப்பர் பெயரில் கட்டியது. லா சப்பலுக்குச் சாமான் வாங்க வருகிற நம்மவர்களில் அநேகருக்கு அந்தப் பக்கம் போகும் தேவை இருப்பதில்லை. ஆனால் அந்தத் தேவாலயத்தோடு சேர்ந்திருந்த மடத்தின் குசினியில் 15 ஆண்டுகள் வேலை செய்த ஒருவரின் கதை நமக்கு நன்றாக விளங்கக்கூடிய கதை. போரில் காயப்பட்டவர். ஊரை விட்டு வேறொரு நாட்டின் தலைநகரத்துக்கு வந்தவர். தனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலையில் அகப்பட்டவர். அந்த வேலைக்குள்ளேயே கடவுளைக் கண்டவர்.

அவருடைய பெயர் நிக்கொலா ஹெர்மன். லொரேன் பிரதேசத்தில் லூனேவில் நகருக்குப் பக்கத்தில் உள்ள எரிமெனில் என்ற சிறு கிராமத்தில் 1614ஆம் ஆண்டளவில் பிறந்தார். இன்று லொரேன் பிரான்சின் ஒரு பகுதி. அன்று அது கோமகன் ஒருவரின் ஆட்சியில் இருந்த தனி நாடு. வீட்டில் வசதி இல்லை. பெரிய படிப்பும் இல்லை. தாய் தகப்பன் பக்தியுள்ளவர்கள்.

அவருக்கு 18 வயதில் ஒரு குளிர்காலத்தில் நடந்தது சிறிய விடயம்தான். இலை எல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நாளில் இதே மரம் துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோது, அதைச் செய்கிற கடவுளின் பராமரிப்பு அவருக்கு உறைத்தது. அன்று மனத்தில் விழுந்தது சாகும்வரை குறையவில்லை என்று முதுமையில் சொல்லியிருக்கிறார்.

அந்த மரத்தைப் பார்த்த காலம் அமைதியான காலம் அல்ல. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சிதைத்த முப்பதாண்டுப் போர் லொரேனையும் விடவில்லை. 1633ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசர் 13ஆம் லூயியின் படை அதன் தலைநகரான நான்சியைப் பிடித்தது. அதே ஆண்டில் நான்சியைச் சேர்ந்த ஓவியர் ஜாக் கல்லோ, போரின் கொடுமைகளைக் காட்டும் செதுக்கோவியங்களை வெளியிட்டார். எரிகிற கிராமமும், ஒரே மரத்தில் வரிசையாகத் தூக்கிலிடப்பட்ட மனிதர்களும் அவற்றில் உண்டு. நிக்கொலாவின் ஊர் இளைஞர்கள் கண்ணால் கண்ட உலகம் அது.

வேறு வழியில்லாத இளைஞர்களைப் போல அவரும் லொரேன் படையில் சேர்ந்தார். ஜெர்மானியப் படையினர் ஒரு முறை அவரைப் பிடித்து, உளவாளி என்று சந்தேகித்துத் தூக்கில் போடுவதாக வெருட்டினார்கள். தான் உளவாளி அல்ல, தன் மனச்சாட்சி சுத்தம், சாவைப் பற்றிப் பயமும் இல்லை என்று அமைதியாகச் சொன்னார். விட்டுவிட்டார்கள். பிறகு 1635ஆம் ஆண்டு ரம்பெர்வில்லியே என்ற இடத்தில் சுவீடன் படையோடு நடந்த சண்டையில் காயப்பட்டார். படை வாழ்க்கை அதோடு முடிந்தது. அவர் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தவர்.

காயம் ஆறத் தாய் தகப்பனிடம் திரும்பிய அவருக்கு, படையில் கழித்த நாட்கள் மனத்தை அரித்தன. கடவுளுக்காக வாழ வேண்டும் என்று தீர்மானித்தார். எப்படி என்று தெரியவில்லை. ஒருவரோடு சேர்ந்து தனிமைத் தவ வாழ்க்கைக்குப் போய்ப் பார்த்தார். ஒரு நாள் மகிழ்ச்சி, மறுநாள் துக்கம் என்று மனம் மாறி மாறி அலைந்ததால் அது சரிவரவில்லை. பிறகு பாரிஸுக்கு வந்து, ஃபியூபே என்ற திறைசேரி அதிகாரியின் வீட்டில் ஏவலாளாக வேலை செய்தார். அங்கே தான் ஒரு தடுமாற்றக்காரன், கையில் எடுத்ததை எல்லாம் உடைத்தவன் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

1640ஆம் ஆண்டு, 26 வயதளவில், வோஜிரார் வீதி மடத்தின் கதவைத் தட்டினார். குருவாகும் அளவுக்குப் படிப்பு இல்லாததால், உடலுழைப்பு வேலைகளைச் செய்யும் சகோதரராகச் சேர்த்துக்கொண்டார்கள். உயிர்ப்பின் லோறன்ஸ் என்ற பெயர் கிடைத்தது. 1642ஆம் ஆண்டு இறுதி வார்த்தைப்பாடு கொடுத்தார். தன்னுடைய தடுமாற்றத்துக்கு இங்கே நல்ல தண்டனை கிடைக்கும், அதைக் கடவுளுக்குப் பலியாகக் கொடுக்கலாம் என்று நினைத்துத்தான் உள்ளே போனாராம். கடவுள் தன்னை ஏமாற்றிவிட்டார், அங்கே நிறைவைத்தான் கண்டேன் என்பது அவருடைய பகிடி.

அந்த நிறைவு உடனே வரவில்லை. இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவசரமாகக் கடந்துபோகிற பகுதி இதுதான். மடத்துக்கு வந்தபின் ஏறக்குறைய 10 ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் துன்பப்பட்டார். பழைய பாவங்கள் முன்னுக்கு வந்து நின்றன. தனக்கு மீட்பு இல்லை, தான் நரகத்துக்கே போவேன் என்று நம்பினார். மற்றவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் அந்த எண்ணத்தைக் கழற்றவில்லை. பக்தி நூல்களில் படித்த தியான முறைகளும் குழப்பத்தைத்தான் கூட்டின.

என் தொழில் கணக்கு. ஆண்டு முடிவில் பற்றும் வரவும் பொருந்தாவிட்டால் எனக்கு நித்திரை வராது. லோறன்ஸ் அந்த ஆண்டுகளில் செய்ததும் ஒருவகையில் அதுதான். செய்த பாவம் ஒரு பக்கம், செய்த தவம் மறுபக்கம் என்று எழுதி எழுதிப் பார்த்தார். மிச்சம் ஒருநாளும் சரிவரவில்லை. கடைசியில் அந்தப் புத்தகத்தை மூடினார். நான் மீட்கப்பட்டாலும் சரி, கெட்டுப்போனாலும் சரி, உயிரோடு இருக்கும்வரை செய்கிற எல்லாவற்றையும் கடவுள் மீதுள்ள அன்புக்காகவே செய்வேன் என்று முடிவெடுத்தார். வாழ்நாள் முழுவதும் இந்தத் துன்பத்தோடுதான் இருக்கப் போகிறேன் என்று அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான், எதிர்பாராத விதமாக, ஆழமான ஓர் அமைதி வந்தது. அது பிறகு அவரை விட்டுப் போகவில்லை.

அவருடைய வேலையோ குசினியில். அவருக்கு இயல்பிலேயே வெறுப்பான வேலை. நெருப்பும் புகையும், ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்கிற சத்தமும். அங்கே அவர் ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொண்டார். வேலை தொடங்குமுன், கூட நில்லும் ஆண்டவரே என்று கேட்பார். வேலை நடக்கும்போது இடைக்கிடை, பக்கத்தில் நிற்கிறவரோடு பேசுவது போல உள்ளுக்குள் கடவுளோடு பேசுவார். முடிந்ததும் எப்படிச் செய்தேன் என்று பார்ப்பார். நன்றாகச் செய்திருந்தால் நன்றி. பிழை விட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதிலேயே நின்று கவலைப்படாமல் அடுத்த வேலையைத் தொடங்குவார். தாச்சியில் முட்டை அடையைப் புரட்டுவதும், நிலத்தில் கிடக்கும் ஒரு வைக்கோல் துரும்பை எடுப்பதும்கூட அன்புக்காகச் செய்தால் போதும் என்பது அவர் கண்ட வழி.

மனம் அலையாதா? அலைந்தது. அலைகிற மனத்தோடு சண்டை பிடிக்காமல், மெதுவாகத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். இது பழக்கமாக வருவதற்குத் தனக்கு நீண்ட காலம் எடுத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. செப நேரமும் வேலை நேரமும் தனக்கு ஒன்றாகிவிட்டன என்று சொல்லும் நிலைக்குப் பிறகுதான் வந்தார்.

குசினிக்கு வெளியேயும் அவரை அனுப்பினார்கள். மடத்துக்குத் தேவையான வைன் வாங்க ஓவெர்ன், பர்கண்டிப் பகுதிகளுக்குப் போய்வர வேண்டும். வியாபாரம் பேசத் தெரியாது. படகில் நடக்கக் கால் உதவாது. பீப்பாக்களுக்கு மேலாக உருண்டு உருண்டுதான் ஓரிடத்திலிருந்து மற்ற இடத்துக்குப் போனார். இது உம்முடைய அலுவல் என்று கடவுளிடம் சொல்லிவிட்டுப் போவார், வேலை எப்படியோ நன்றாக முடிந்திருக்கும். கால் மேலும் மோசமானபோது குசினியிலிருந்து எடுத்துச் செருப்புத் தைக்கும் வேலையில் விட்டார்கள். அது அவருக்குப் பிடித்த வேலை. ஆனால் அதையும் எந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

1666ஆம் ஆண்டு ஜோசப் த போஃபோர் என்ற குரு அவரைத் தேடி வந்து பேசத் தொடங்கினார். பின்னர் பேராயரான ஃபெனெலொனும் நோயில் கிடந்த அவரைச் சந்தித்துப் பேசினார். துறவற சகோதரிகளுக்கும் குடும்பத்தவர்களுக்கும் கேட்டால் கடிதம் எழுதினார், அதுவும் மற்றவர்களுக்குக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. படையில் இருந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது, கையில் வாளோடு நடக்கிற வேளையிலும் ஒரு கணம் மனத்தைக் கடவுளிடம் உயர்த்தினால் போதும், அது யாருக்கும் தெரியவும் வேண்டியதில்லை என்ற கருத்தில் எழுதினார். பழைய படைவீரன் ஒருவர் எழுதியது என்பதை நினைத்து வாசித்தால் அதன் அர்த்தம் கூடும்.

1691ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி அவர் இறந்தார். அடுத்த ஆண்டே போஃபோர் அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் வெளியிட்டார். 1694ஆம் ஆண்டு, தான் அவரோடு பேசியவற்றையும் வெளியிட்டார். பின்னர் ஃபெனெலொனுடைய போதனை பற்றி எழுந்த சர்ச்சையில் லோறன்ஸின் பெயரும் இழுபட்டதால், பிரான்சில் அவரை மெல்ல மறந்தார்கள். ஆனால் ஆங்கிலத்துக்குப் போன அந்தச் சிறு புத்தகத்தை மெதடிஸ்த சபையைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தன் நூல் வரிசையில் சேர்த்துக்கொண்டார். ஒரு கத்தோலிக்கத் துறவியைப் புரட்டஸ்தாந்துக்காரர் காப்பாற்றிக் கொடுத்தார்கள். திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவிக்கவில்லை. இரு பக்கத்தாரும் இன்றும் அவரை வாசிக்கிறார்கள்.

வணிகமாணிப் பட்டத்தோடு வந்த நானும் ஒரு றெஸ்ரோரன்டில் கோப்பை கழுவித்தான் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக முடியாது. அந்த நாட்களில்தான் எங்கள் தேவாலயங்களில் அதிகம் வேலை. ஊரில் விட்டுவந்தவர்கள், செய்யாமல் விட்ட கடமைகள், உயிரோடு வந்துசேர்ந்த குற்ற உணர்வு எல்லாம் அந்தக் கழுவு தொட்டிக்கு முன்னால்தான் வந்து நிற்கும். கடவுள் ஊர்க் கோவிலோடு நின்றுவிட்டார் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதரைப் பற்றி அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆண்டுகள் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் இன்றும் இரவு வேலைக்குப் போகிற தகப்பன்மாரும், துப்புரவு வேலை செய்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். செபிக்க நேரமில்லை என்று அவர்கள் மனம் வருந்துவதைக் கேட்டிருக்கிறேன். லோறன்ஸுக்கும் தனி நேரம் இருக்கவில்லை. அடுப்பில் தாச்சி இருந்தது, கால் வலித்தது, நாலு பேர் கூப்பிட்டார்கள். நாளைக்கு வேலைக்குள் நுழையும்போது, கூட நில்லும் ஆண்டவரே என்று ஒரு முறை உள்ளுக்குள் சொல்லிப் பாருங்கள். அவரும் அங்கிருந்துதான் தொடங்கினார்.